‘வலி மாத்திரை’ என்ற ஒரு சொல்லும் அதன் பின்னால் உள்ள வரலாறும்



இம்முறை இலக்கணமோ இலக்கியமோ இல்லை. நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கிற ஒரு பொருளின் வரலாற்றை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, தமிழாசிரியர். ஆனாலும் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது.

என் அம்மா குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், காண்டாத் தடியில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்த தோள் அவருடையது. ஐம்பது வயதைத் தாண்டியதும் முட்டி வலி வந்தது. முதலில் கோடாலித் தைலம் தேய்த்தார். அது போதாமல் போனபோது மாத்திரை வந்தது. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பலவகை மாத்திரைகள் இருக்கும். கிளினிக்கில் கொடுத்ததில் மிச்சம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, தம்பி எங்கிருந்தோ வாங்கி வந்தது என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர்: வலி மாத்திரை.

அறுபத்திரண்டாவது வயதில் ஒரு காலையில் அவர் கையிலிருந்து தேத்தண்ணிக் குவளை நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஆனால் வலது கை முழுதாகத் திரும்பவில்லை. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “பிரஷர்தான்மா, வயசாச்சில்ல.” அது தப்பில்லை, அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது. ஆனால் வார்டில் ஒரு டாக்டர் மட்டும், “முட்டி வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? எவ்வளவு நாளா?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. “வலி மாத்திரை” என்றுதான் சொன்னோம். எந்த மாத்திரை என்று டாக்டர் மறுபடி கேட்டார். அதற்கு மேல் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று தேடிப் போனபோது கிடைத்த வரலாறுதான் இது.

மரப்பட்டையிலிருந்து மாத்திரைக்கு

1763-இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைக் காயவைத்துப் பொடித்துக் காய்ச்சல்காரர்கள் ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்ததாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையில் இருந்த சரக்கிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார் சாலிசிலிக் அமிலம் வரை வந்தார்கள். வலி குறைந்தது, ஆனால் வயிற்றை எரித்தது. 1897-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாஃப்மன் அதைச் சற்று மாற்றி ஒரு மருந்தைத் தூய்மையாகத் தயாரித்தார். 1899-இல் அது ஆஸ்பிரின் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது.

அடுத்த அலை 1960-களில் எழுந்தது. பிரிட்டனில் பூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஆடம்ஸ் ஐபுப்ரோஃபென் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். முந்திய இரவு குடித்ததால் வந்த தலைவலிக்குத் தானே அதைச் சாப்பிட்டுப் பார்த்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1969-இல் அது பிரிட்டனில் மருத்துவர் சீட்டோடு விற்பனைக்கு வந்தது. மெஃபனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், நேப்ராக்சன் எல்லாம் இதே குடும்பம்தான். இவை வலியை மட்டுமின்றி வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கும். அதனால் இவற்றை அழற்சி எதிர்ப்பு வலி நிவாரணிகள் என்பார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பனடோல், அதாவது பாராசிட்டமோல், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. அது வேறு வகை. அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுக்கும், இவை வயிறு, சிறுநீரகம், இதயம், இரத்தக் குழாய் என்று வேறு இடங்களைத் தொடும். இரண்டையும் நாம் ‘வலி மாத்திரை’ என்று ஒரே சொல்லால் அழைக்கிறோம். எங்கள் பிஸ்கட் டின்னில் இரண்டும் கலந்து கிடந்ததற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம்.

ஒரு பூட்டு அல்ல, இரண்டு

இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது 1971 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு லண்டனில் ஜான் வேன் என்ற ஆய்வாளர் அதைக் காட்டினார். உடலில் புண், வீக்கம் ஏற்படும்போது புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் உருவாகி வலியைத் தூண்டுகின்றன. அவற்றை உருவாக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது. புரோஸ்டகிளாண்டின் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக வேனுக்கும், ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் 1982-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1990-களின் தொடக்கத்தில் இன்னொன்று தெரியவந்தது. அந்த நொதி ஒன்றல்ல, இரண்டு. சுருக்கமாகக் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்கிறார்கள். காக்ஸ்-1 வயிற்றின் உட்சுவரைக் காக்கும் வேலையைச் செய்கிறது. காக்ஸ்-2 அழற்சி வரும்போது கிளம்புகிறது. பழைய மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து முடக்கியதால்தான் வலி போகும்போது வயிறும் புண்ணானது. அப்போ காக்ஸ்-2-ஐ மட்டும் முடக்கினால்? வலியும் போகும், வயிறும் தப்பும். கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது!

அந்த அழகில் ஒரு ஓட்டை இருந்தது. இரத்தக் குழாயில் ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் இரத்தத்தை உறையச் செய்யும் துரோம்பாக்சேன். மறு தட்டில் உறையாமல் தடுத்துக் குழாயை விரிக்கும் புரோஸ்டாசைக்ளின். முதலாவது காக்ஸ்-1 வழியாக வருகிறது. இரண்டாவது உருவாவதில் காக்ஸ்-2-க்குப் பெரும் பங்கு உண்டு என்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் காரட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு 1999-இலேயே எழுதியது. காக்ஸ்-2-ஐ மட்டும் முடக்கினால் காக்கும் தட்டு இலேசாகி, உறையச் செய்யும் தட்டு தாழ்ந்துவிடும். இரத்தக்கட்டி இதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு, மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம்.

இரண்டு பேர் எழுதிய பரீட்சை

அதே 1999 மே மாதம் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் ரோஃபிகாக்சிப் என்ற காக்ஸ்-2 மருந்தை ‘வையாக்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. நாளடைவில் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் அது விற்றது.

வயிற்றுக்கு நல்லது என்று நிரூபிக்க ஒரு பெரிய சோதனை நடந்தது. முடக்குவாதம் உள்ள 8,076 பேரில் பாதிப்பேருக்கு ரோஃபிகாக்சிப், மறுபாதிக்கு நேப்ராக்சன். முடிவு 2000 நவம்பரில் வெளிவந்தது. வயிற்றுச் சிக்கல்கள் புதிய மருந்தில் பாதிக்கும் கீழ். நல்ல செய்தி. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. மாரடைப்பு நேப்ராக்சன் குழுவில் 0.1 விழுக்காடு, ரோஃபிகாக்சிப் குழுவில் 0.4 விழுக்காடு. நாலு மடங்கு.

இதை எப்படிப் படிப்பது? நமக்குப் பழக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் இரண்டே இரண்டு பேர் பரீட்சை எழுதுகிறார்கள். ஒருவனுக்கு 80, இன்னொருவனுக்கு 20. முதலாமவன் கெட்டிக்காரனா, இரண்டாமவன் மக்கா? மற்றவர்கள் மதிப்பெண் தெரியாமல் சொல்ல முடியாது. அந்தச் சோதனையிலும் மருந்தே சாப்பிடாத மூன்றாவது குழு இல்லை. அதனால் இரண்டு விளக்கங்களுக்கு இடம் இருந்தது. ரோஃபிகாக்சிப் இதயத்தைக் கெடுத்தது என்றும் சொல்லலாம், நேப்ராக்சன் ஆஸ்பிரினைப் போல இதயத்தைக் காத்தது என்றும் சொல்லலாம். நிறுவனம் இரண்டாவது விளக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டுரை வெளியிட்ட மருத்துவ இதழே, மூன்று மாரடைப்புகள் அதில் சேர்க்கப்படவில்லை என்று 2005 டிசம்பரில் கண்டித்து எழுதியது.

2002-இல் மருந்தின் குறிப்புத்தாளில் இதயம் பற்றிய தகவல் சேர்க்கப்பட்டது. விற்பனை நிற்கவில்லை. 2003-இல் மட்டும் அது ஏறக்குறைய 250 கோடி அமெரிக்க டாலர்.

கடைசியில் உண்மை வேறொரு வாசல் வழியாக வந்தது. பெருங்குடலில் வளரும் சிறு கட்டிகளை இம்மருந்து தடுக்குமா என்று பார்க்க 2,586 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. இம்முறை மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ‘மற்ற மாணவனின் மதிப்பெண்’ இப்போது கிடைத்துவிட்டது. 18 மாதங்களுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியது தெரிந்தது. இரத்தக்கட்டியால் வரும் கோளாறுகள் மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2004 செப்டம்பர் 30-ஆம் நாள் மெர்க் அந்த மருந்தை உலகெங்கும் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் கதை அதோடு முடியவில்லை. அங்கே வேறு பல நிறுவனங்களும் ரோஃபிகாக்சிப்பைத் தம் சொந்தப் பெயர்களில் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தன. ஒரு நிறுவனம் திரும்பப் பெற்றதால் கடைகளில் அது இல்லாமல் போய்விடாது. 2004 டிசம்பரில் இந்திய அரசு தடை ஆணை போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2007-இல் மெர்க், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே, 485 கோடி டாலர் கொடுத்து ஆயிரக்கணக்கான வழக்குகளைத் தீர்க்க இணங்கியது.

ஏன் இவ்வளவு தாமதம்?

பணம் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

ஒரு மருந்து சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்தால், யாரும் உடனே மருந்தைச் சந்தேகிப்பார்கள். வயிறு எரிந்தாலும் அப்படித்தான். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் மாத்திரை இல்லாமலேயே வருகிறவை. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை என்று அவற்றுக்கு ஏற்கெனவே ஆயிரம் காரணம். அந்தக் கூட்டத்தில் ஒரு மாத்திரை புகுந்துகொண்டால் யார் கண்டுபிடிப்பது? ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. ஆயிரம் வீட்டுக் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான் என் அம்மாவுக்கு மாத்திரையால்தான் பக்கவாதம் வந்தது என்று நான் எழுதமாட்டேன். எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் அது தெரியாது. ஆனால் “பிரஷர்தான்” என்று சொன்னவர்கள் ஒன்றை மறந்தார்கள். இந்த வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, அந்த அழுத்தத்தையே கூட்டக்கூடியவை. அழுத்தத்துக்குப் போடுகிற சில மாத்திரைகளின் வேலையையும் அவை மங்கச் செய்யும். காலையில் பிரஷர் மாத்திரை, மாலையில் வலி மாத்திரை. ஒன்று இழுக்க மற்றது தள்ளியதோ என்னவோ, நாங்கள் பார்க்கவே இல்லை.

பழைய மாத்திரைகளுக்கும் வந்த எச்சரிக்கை

ரோஃபிகாக்சிப் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருத்துவர் சீட்டோடு விற்கும் இந்தக் குடும்பத்து மாத்திரைகளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. 2013-இல் நூற்றுக்கணக்கான சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வு ஒன்று ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அதிக அளவில் ஓராண்டு காக்ஸ்-2 மருந்தோ டைக்ளோஃபெனாக்கோ சாப்பிடும் ஆயிரம் பேரில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு கூடுதலாக மூன்று பேருக்கு வரும், அவர்களில் ஒருவர் இறப்பார் என்று அது கணக்கிட்டது. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு மாரடைப்பு. அதிக அளவு ஐபுப்ரோஃபெனும் இதயத்தைத் தொடுகிறது. நேப்ராக்சனில் இந்தக் கூடுதல் தெரியவில்லை, ஆனால் அது வயிற்றைத் தொடும். 2015-இல் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கையை இன்னும் இறுக்கியது: மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சாப்பிடத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே கூடலாம், அளவும் நாளும் கூடக்கூட அதுவும் கூடலாம். ஆஸ்பிரினை மட்டும் இதில் சேர்க்கவில்லை.

ஆயிரத்தில் மூன்று சிறிய எண்தான். பல்வலிக்கு இரண்டு நாள் சாப்பிட்டவர் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து இருப்பவர்களுக்கு அந்த மூன்று இன்னும் பெருகும். மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம், ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. நீரிழிவு நம் இந்தியரிடையேதான் அதிகம். அப்போ இது வேறு யாருடைய கதையோ அல்ல.

நம் வீட்டு டின்னுக்குள்

நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்ய 1984-ஆம் ஆண்டு விதிகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைந்தது. பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண் இல்லாததை வாங்காதீர்கள். சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் “முட்டி வலி ஒரே நாளில் போகும்” என்று விற்கிற சில ‘பாரம்பரிய’ மருந்துகளில், ஸ்டீராய்டும் இந்த வகை வலி மருந்துகளும் கள்ளத்தனமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நினைத்துச் சாப்பிடுபவர், தாம் என்ன சாப்பிடுகிறோம் என்றே அறியமாட்டார்.

நான் வீட்டில் செய்தவற்றைச் சொல்கிறேன். டின்னைக் கவிழ்த்தேன். பெயர் தெரியாதவற்றை மருந்தகத்தில் ஒப்படைத்தேன். மிஞ்சிய ஒவ்வொன்றின் பெயரையும் தமிழில் எழுதி ஒட்டினேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய், சிறுநீரகக் கோளாறு, முன்பு வந்த பக்கவாதம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அழற்சி எதிர்ப்பு மாத்திரை வாங்கும் முன் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேட்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். தேவைப்பட்டால் குறைந்த அளவு, குறைந்த நாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் நிறுத்தாதீர்கள். முக்கியமாக, டாக்டர் இதயத்துக்காகக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அது அம்மாவுக்கு இப்போது காவல். அதோடு ஐபுப்ரோஃபென் சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் காவல் குறையலாம். ஆகவே அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டிராமல் 999-ஐ அழையுங்கள்.

வகுப்பறைக்கு

இந்த வரலாற்றைப் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் எழுதிய பரீட்சைக் கதையைச் சொல்லி நிறுத்தி, “நீங்கள் அந்த நிறுவனத்தில் இருந்தால் என்ன முடிவு எடுப்பீர்கள்?” என்று கேட்டேன். நல்ல விவாதம் நடந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன், “டீச்சர், தெரியலைன்னா தெரியுற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமே” என்றான். எட்டாயிரம் பேரின் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அதைச் செய்ய நாலு வருடம் ஆனது.

பிறகு வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தேன், உங்கள் வகுப்பிலும் கொடுக்கலாம். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் எதற்காகச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கொடுக்க வேண்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தாள் கூடப் போகட்டும். அடுத்தவர் நோய் விவரம் என்பதால் நான் அதை வாங்கிப் பார்க்கவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை.

மறுவாரம் ஒரு மாணவி வந்து, “டீச்சர், எங்க பாட்டி ஒரே மருந்தை ரெண்டு பேர்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க” என்றாள். கிளினிக்குக்குப் போன் பண்ணிக் கேட்டு ஒன்றை நிறுத்திவிட்டார்களாம்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அன்று வார்டில் அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு ஒரு பதிலாவது சொல்லியிருப்போம்.